நம் வீட்டு மருமகள்

குமுளியில் ஜீப்புக்கான வரிசையில் நின்றபோது அத்தான் கேட்ட ஒரு கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. 2019ஆம் ஆண்டு சித்திரா பௌர்ணமி. விடிய இன்னும் நேரம் இருந்தது. பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோனால் வனத்துறைச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று அத்தை பித்தளைத் தூக்கில் தண்ணீர் எடுத்து வந்திருந்தார். வரிசை நகரவே இல்லை. பொழுது போக வேண்டுமே என்று கைபேசியில் இருந்த படங்களை அத்தானுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ரங்கூன் வீடு, தண்ணீர்த் திருவிழா, சமையலறையில் அம்மா என்று போய்க்கொண்டே இருந்தபோது பொப்பா மலையடியில் எடுத்த படம் வந்துவிட்டது. பச்சை உடுப்பும் தலையில் அரக்க முகம் பதித்த மகுடமுமாக நிற்கும் பொப்பா மெடோவின் உருவத்துக்கு முன்னால் அம்மா கை கூப்பி உட்கார்ந்திருக்கிறார். அத்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “நீங்கள் அங்கே மலையேறிப் போய்ப் பேயைக் கும்பிடுகிறீர்களாமே, இதுதானா?” என்றார்.

கெட்ட மனதோடு கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் “பேய் இல்லை அத்தான், நத்” என்றேன், என்னவோ அந்த ஒரு சொல் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்பதுபோல. பர்மாவில் மக்கள் கும்பிடும் ஆவித் தெய்வங்களைத்தான் நத் என்பார்கள். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பத்தினித் தெய்வத்தைப் பார்க்கப் போகிற வழியில் பேய்ப் பேச்சு எதற்கு என்று அத்தை அதட்டியதும் பேச்சு நின்றது. எனக்குள் நிற்கவில்லை. கண்ணகியைப் பார்க்க மலையேறப்போகும் நேரத்தில் என் அம்மாவின் மலைக்காரி பேயாகிவிட்டாளே என்ற உறுத்தல். அதைவிடப் பெரிய உறுத்தல், அத்தான் கேட்ட அதே கேள்வியை அவருடைய பாட்டி, அதாவது என் அப்பத்தா, ஒரு காலத்தில் இதைவிடக் கடுமையாகக் கேட்டவர் என்பது.

‘அது’

அம்மா பர்மாக்காரர். ஊர், பொப்பா மலைக்குப் பக்கத்துச் சௌக்படாங். அப்பா 1972இல் அவரைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு அழைத்து வந்தபோது அப்பத்தா சண்டை போடவில்லை, அழவில்லை, கதவையும் சாத்தவில்லை. தமிழில் அதைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்று இருக்கிறது. அம்மாவை ‘அது’ என்றார். “அது குளிக்கிறது”, “அதற்குச் சோறு போட்டாயிற்றா”, “அது ஏதோ பர்மாக்காரப் பூசை செய்கிறது”. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வந்தால் “பையன் வீட்டில் இருக்கிறது” என்று முகவாயால் சுட்டுவார். மருமகள் என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவே வராது. அம்மாவுக்கு அப்போது தமிழ் அரைகுறைதான், ஆனாலும் அஃறிணைக்கும் உயர்திணைக்கும் உள்ள வேறுபாட்டை எந்த இலக்கண ஆசிரியரும் இல்லாமல் அவர் அந்த வீட்டுக் கூடத்திலேயே கற்றுக்கொண்டுவிட்டார்.

நான் பிறந்து, தம்பி பிறந்து, பன்னிரண்டு வருடம் இப்படியே போயிற்று. எனக்கு ஒன்பது வயதானபோது தம்பிக்கு நெடுநாள் காய்ச்சல் வந்து தணிந்தது. அம்மா பொப்பாவுக்கு நேர்ந்துகொண்டிருந்தார். பீலிக்கான் முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்ட அப்பத்தா, காய்ச்சலை இறக்கியது தம் முனியாண்டிதான் என்று உறுதியாக நம்பினார். ஆனாலும் பேரனை அந்த மலைக்குத் தனியாக விட மனமில்லை. “பேய் பிடித்த மலைக்கு நான் வராமல் பிள்ளையை அனுப்புவேனா?” என்று தாமும் கிளம்பிவிட்டார்.

பாகான் பக்கம் வறண்ட பூமி. சிவகங்கைப் பக்கத்தைத் தூக்கிக் கொண்டுவந்து வைத்ததுபோல வழியெங்கும் பனை. நடுவே ஒரு குடிசையில் பஸ் நின்றது. ஒரு மாடு செக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது, பக்கத்தில் கடாயில் பதநீர் காய்ந்து பாகாகிக்கொண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளாக ஊரைப் பார்க்காத அப்பத்தா கருப்பட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்து, கண்ணை மூடி, “சுண்ணாம்பு போதவில்லை” என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு வீசை வாங்கிக்கொண்டார்.

பூவின் பெயர் கொண்ட மலை

பொப்பா அணைந்துபோன எரிமலை. அதன் ஓரத்தில் தனித்துச் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறைதான் படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் தவுங்கலாட். 777 படிகள். செருப்பைக் கீழேயே விட்டுவிட வேண்டும், குரங்குகள் அதிகம், குரங்கு அசிங்கப்படுத்திய படிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே காசு கேட்பவர்கள் அதைவிட அதிகம். பொப்பா என்ற பெயரே பூவைக் குறிக்கும் பாலிச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நம் புஷ்பம்தான். பன்றி இறைச்சி கொண்டுபோகக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது என்று ஏகப்பட்ட கட்டுப்பாடுகள். பஸ்ஸில் இவற்றையெல்லாம் அம்மா ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் தமிழாக்க, அப்பத்தா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார். பன்றி ஏன் ஆகாது என்று கேட்டது அப்பத்தாதான். அந்தக் கேள்வியிலிருந்துதான் கதை வந்தது.

பதினொன்றாம் நூற்றாண்டு. பாகானில் அனவ்ரதா ஆள்கிறான். கப்பல் உடைந்து தத்தோன் கரையில் ஒதுங்கிய இந்தியச் சகோதரர் இருவரில் ஒருவன் பியாத்தா. அண்ணன் தத்தோனில் கொல்லப்பட, தம்பி பாகானுக்குத் தப்பி வந்து அரசனிடம் வேலைக்குச் சேர்ந்தான். மனிதர்க்கு மிஞ்சிய வேகம் உள்ளவன். பாகானிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொப்பாவுக்கு ஓடிப்போய் அரண்மனைக்குப் பூக் கொண்டுவருவது அவன் வேலை, ஒரு நாளைக்குப் பத்து முறை. அந்த மலையில் பூவை மட்டுமே உண்டு வாழ்ந்த அரக்கி மே வண்ணா. வண்ணா என்பதும் நம் வண்ணம்தான். இருவரும் கூடி வாழ்ந்தார்கள், இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தன. பூ தாமதமாக வந்த ஒரு நாளில் அரசன் பியாத்தாவைக் கொன்றுவிட்டான். பிள்ளைகளையும் அரண்மனைக்குக் கொண்டுபோனான். கணவனும் போய்ப் பிள்ளைகளும் போன துக்கத்தில் அவள் நெஞ்சு வெடித்துச் செத்தாள், மலைக்குத் தாயானாள். வளர்ந்து அரசனுக்குப் பெரும் சேவை செய்த அந்தப் பிள்ளைகளும் தப்பவில்லை. தவுங்பியோன் என்ற இடத்தில் கோயில் கட்ட ஆளுக்கொரு செங்கல் வைக்கவில்லை என்ற குற்றத்துக்குத் தலைகொடுத்தார்கள். இரண்டு செங்கல் அளவு வெற்றிடத்தை அந்தக் கோயிலில் இன்றும் காட்டுகிறார்கள். ஆவணி வாக்கில் அங்கே நடக்கும் நத் திருவிழாதான் பர்மாவிலேயே பெரியது. பியாத்தா முஸ்லிம் என்பது ஐதிகம், அதனால்தான் பன்றி இறைச்சி ஆகாது.

“கலாவா அவன்?” என்றார் அப்பத்தா. இந்தியரைப் பர்மாக்காரர்கள் சொல்லும் சொல் அது. எங்களுக்கு அந்தச் சொல் புழங்கும் தொனிகள் அத்தனையும் தெரியும். கடைக்காரர் அன்பாகச் சொல்வதும் தெரியும், தெருவில் முதுகுக்குப் பின்னால் வருவதும் தெரியும். அம்மா தயங்கி “ஆமாம்” என்றார்.

மலையடியில் அம்மா கடோபுவே வாங்கினார். நடுவில் காம்பு போகாத தேங்காய், சுற்றிலும் வாழைச் சீப்பு. காம்பு உடைந்த தேங்காய் ஆகாது என்று அம்மா தேடித் தேடி எடுத்ததைப் பார்த்து, குடுமி போன தேங்காயைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்தே பழகிய அப்பத்தாவின் முகம் சற்று இளகியது. நத்துக்குத் தேங்காய் உடைப்பதில்லை, முழுதாகவே படைக்கிறார்கள். மகுடத்தில் அரக்க முகத்தோடு உட்கார்ந்திருந்தவளை அப்பத்தா வெகுநேரம் பார்த்தார். பிறகு மடியிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்து, தம் நெற்றியில் இட்டு, தம்பி நெற்றியில் இட்டு, என் நெற்றியிலும் இட்டார். சிலையைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்: “கும்பிட்டுக்கொள். இவள் நம் வீட்டு மருமகள்.”

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வாழைச் சீப்பை நேராக வைத்துக்கொண்டிருந்த கை மட்டும் ஒரு நொடி நின்றது. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. ஊர் திரும்பும் வழியில் அதே கருப்பட்டிக் குடிசையில் பஸ் நின்றபோது அப்பத்தா என்னை அனுப்பினார்: “அவளுக்கும் ஒரு டீ வாங்கிக் கொடு.” அவளுக்கு. அன்றிலிருந்து அப்பத்தா இறக்கும்வரை அம்மா எங்கள் வீட்டில் உயர்திணைதான்.

உடைக்கச் சிலம்பு இல்லாதவள்

அப்பத்தா அந்த அரக்கியிடம் எதைக் கண்டார் என்று நான் யோசிக்கத் தொடங்கியது வெகு காலம் கழித்து, கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கண்ணகி கதை சொல்லித் தரும்போதுதான். கணவன் அரசனால் அநியாயமாகக் கொல்லப்படுகிறான், மனைவி மலையில் தெய்வமாகிறாள். இரண்டு வரியில் சொன்னால் இரண்டும் ஒரே கதை. கதை கேட்டுக்கொண்டிருந்த ஒரு பையன் “டீச்சர், பொப்பா மெடோ ஏன் பாகானை எரிக்கவில்லை?” என்று கேட்டான். நல்ல கேள்வி.

கண்ணகிக்கு ஒரு வாயில் இருந்தது. வாயிற்காவலன் உள்ளே போய்ச் சொன்னான், அரசன் வரச் சொன்னான், கேட்டான். உடைக்க ஒரு சிலம்பு இருந்தது, சிலம்புக்குள் மாணிக்கம் இருந்தது, கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தது முத்துதான் என்று ஒப்புக்கொள்ளும் அரசனும் இருந்தான். அவன் தானே கள்வன் என்று சொல்லி விழுந்து இறந்தான். மே வண்ணாவுக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை. பூ தாமதமானது உண்மை, அதற்குத் தண்டனை உயிர் என்பது அரசன் வார்த்தை. அங்கே எதைக் கொண்டுபோய் எதை மெய்ப்பிப்பது?

எங்கள் குடும்பம் பெகுவில் மளிகைக் கடை வைத்திருந்தது. 1964இல் கடைகள் அரசுடைமையாயின. ஒரு காலையில் வந்தவர்கள் கணக்குப் புத்தகத்தையும் சாவியையும் வாங்கிக்கொண்டு கதவில் முத்திரை வைத்தார்கள். மே மாதம் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது பெட்டியில் மிச்சம் இருந்ததும் காகிதமாயிற்று. ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கல்யாணமாகி எட்டு மாதமே ஆன அத்தையையும் அவர் கணவரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினார். பின்னால் வருவதாகச் சொன்ன அப்பத்தாவும் அப்பாவும் போகவே இல்லை. ஐயா கம்பத்தில் ஒரு தகரக் கொட்டகையில் இறந்துபோன செய்தி நான்கு மாதம் கழித்துத் தபாலில் வந்தது. அப்பத்தா யாரையும் திட்டிக் கேட்டதில்லை. சாவியைக் கொடுத்த நாளைப் பற்றிக் கேட்டால் மட்டும், “யாரிடம் போய்க் கேட்பது, பெயர்கூடத் தெரியாது” என்பார். எரித்தவளைவிட எரிக்க முடியாதவளைத்தான் அப்பத்தாவுக்கு அடையாளம் தெரிந்தது என்று இன்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 1077இல் அனவ்ரதா செத்தது எருமை முட்டி என்பார்கள், பகைகொண்ட நத் ஒன்று எருமையாக வந்ததாம். இதைக் கேட்ட நாளில் அப்பத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு, “எருமையில் யார் வருவார் என்று நமக்குத் தெரியாதா?” என்றார். அந்த அரசன் பெயரைத்தான் ரங்கூனில் பழைய ஃபிரேசர் தெருவுக்கு வைத்திருக்கிறார்கள். 1871இல் நம்மவர்கள் கட்டிய காளி கோயில் அதே தெருவில் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அனவ்ரதா சாலை என்ற பலகையைத் தாண்டித்தான் காளியிடம் போகிறேன்.

ஒரு நாள் திறக்கும் கோயில்

ஏறக்குறைய பதினான்கு கிலோமீட்டர் காட்டுப் பாதை. ஜீப் குலுக்கிய குலுக்கலில் அத்தை தூக்கை மடியில் இறுக்கிக்கொண்டார். தமிழ்நாட்டுப் பக்கம் பளியங்குடியிலிருந்து நடந்தே ஏறி வருகிறவர்களும் உண்டு, அவர்கள் கால்களைப் பார்த்தால் ஜீப்பில் வந்ததற்கு வெட்கமாக இருக்கும். மேலே, 1,337 மீட்டர் உயரத்தில், மரமில்லாத புல்வெளி. அதன் நடுவே சரிந்தும் சாய்ந்தும் நிற்கும் கருங்கல் கட்டுமானம். ஒரு பக்கம் பெரியாற்றுக் காடு, மறுபக்கம் பாதாளத்தில் கம்பம் பள்ளத்தாக்கு. இரண்டு மாநிலங்களுக்கும் எல்லைச் சண்டை உள்ள மலை. புலிகள் காப்பகம் என்பதால் வருடத்தில் இந்த ஒரு நாள்தான் திறப்பு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். இரு மாவட்ட ஆட்சியர்களும் கூடிப் பேசித்தான் பௌர்ணமி ஏற்பாடுகளை முடிவு செய்கிறார்கள்.

மதுரையை விட்டு மேற்கு வாயில் வழியாக வெளியேறிய கண்ணகி வைகைக் கரையோடு நடந்து, மலையேறி, வேங்கை மர நிழலில் நின்றாள், பதினான்காம் நாள் கோவலன் வந்து விண்ணுக்கு அழைத்துப் போனான் என்பது சிலப்பதிகாரம். பார்த்தவர்கள் குறவர்கள். அவர்கள் சொல்லித்தான் சேரன் செங்குட்டுவனுக்கே தெரியும். கோயில் எடுக்கச் சொன்னவள் அவன் மனைவி வேண்மாள், இமயத்துக்குப் போய்க் கல் கொண்டுவந்து கனக விசயர் தலையில் ஏற்றியது அவன். புலவர் பாடியதெல்லாம் இமயத்தை, எனக்கென்னவோ அந்தக் குறவர்கள்மீதுதான் மனம் போகிறது. அடையாளம் தெரியாத ஒரு பெண் ஒற்றை முலையோடு தங்கள் மலையில் வந்து நின்றபோது யார் என்று ஒரு கேள்வி கேட்டதோடு சரி, குலம் கோத்திரம் துருவாமல் குரவை ஆடித் தெய்வமாக்கிக்கொண்டவர்கள் அவர்கள். அந்த மலை திருச்செங்கோடு என்போரும் உண்டு. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி போன வழியைத் தேடி நடந்து, இந்த மங்கலதேவி மலைதான் அது என்று 1963இல் சொன்னார். அதற்கு முன்பும் மலையடி மக்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வேங்கை ஏதும் தென்படுகிறதா என்று தேடினேன். இல்லை. என் குறிப்பேட்டில் மட்டும் காய்ந்த படாவ் பூ இருந்தது. பர்மாவில் தண்ணீர்த் திருவிழாச் சமயம் முதல் மழை விழுந்ததும் ஒரே நாளில் மரம் முழுக்கப் பொன்னாகி மறுநாளே கொட்டிவிடும் பூ. அந்த வருடமும் அம்மா என் தலையில் செருகிவிட்டார். படாவும் வேங்கையும் ஒரே பேரினத்து மரங்கள், பூக்களைப் பக்கத்தில் வைத்தால் அக்காள் தங்கை என்று சொல்லிவிடலாம். அதை அத்தானுக்குச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

பச்சைப்பட்டு உடுத்தியிருந்தாள் கண்ணகி. பச்சை என்றதும் எனக்கு யார் நினைவு வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தரிசனம் முடிந்து வெளியே வரும்போது பெண்களுக்கு வளையலும் மஞ்சள் கயிறும் கொடுத்தார்கள். கணவனை இழந்து நகரத்தையே எரித்தவள் கையால் மங்கல நாண்! இதில் உள்ள முரண் வேறு யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. பிறகு பார்த்தால், இழந்தவளுக்குத்தானே அதன் அருமை தெரியும்.

அத்தை கயிற்றை வாங்கியதும் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி, “கப்பலேறும்போது என் தாலியைக் கழற்றச் சொன்னார்கள்” என்றார். பொன் வெளியே போகக் கூடாது என்பது விதி. சோதனை மேசையில் கழற்றி வைத்தாராம், அவர்கள் நிறுத்துச் சீட்டுக் கொடுத்தார்களாம். ஐயா தம் வேட்டிக் கரையில் நூல் உருவி, யாரோ ஒரு பெண்ணின் கைப்பையில் இருந்த மஞ்சள் துண்டை உரசிக் கட்டி அத்தையின் கழுத்தில் போட்டுவிட்டு, கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாராம். ஐம்பத்தைந்து வருடமாக அத்தை இதைச் சொன்னதில்லை. அத்தானுக்கே அன்றுதான் தெரியும். அவர் எழுந்துபோய்க் கொஞ்ச தூரத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அத்தை என் கைபேசியைக் கேட்டார். “அந்த மலைக்காரியை இன்னொரு முறை காட்டு.” காட்டினேன். கதையையும் சொன்னேன், பூ, தாமதம், பிள்ளைகள், இரண்டு செங்கல், எருமை எல்லாம். அப்பத்தா சொன்ன மருமகள் சொல்லையும் சொன்னேன். அத்தை படத்தில் இருந்தவளைப் பார்த்தார், அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என் அம்மாவையும் பார்த்தார். தம் தம்பி மனைவியை அவர் நேரில் கண்டதே இல்லை. வரிசைக்குத் திரும்பிப் போய் இன்னொரு கயிறு கேட்டார். ஆளுக்கு ஒன்றுதான் என்றார்கள். திரும்பி வந்து, தமக்குக் கிடைத்ததை மடித்து என் கைப்பையில் வைத்தார். “அவளிடம் கொடு.”

அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மஞ்சள் கயிற்றை என்ன சொல்லிக் கொடுப்பது என்ற தயக்கத்தோடுதான் ரங்கூன் திரும்பினேன். அம்மாவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டுத் தென்கிழக்குத் தூணில், வீட்டைக் காக்கும் மகாகிரி நத்துக்காகச் சிவப்புத் துணி சுற்றிய தேங்காய் ஒன்று தொங்கும். முக்காலி போட்டு ஏறி, அதன் காம்பில் கயிற்றைக் கட்டினார். தண்ணீர் வற்றியதும் தேங்காயை மாற்றுவது வழக்கம். இதுவரை ஏழெட்டுத் தேங்காய் மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் கயிற்றை மட்டும் அவிழ்த்து, மஞ்சள் பூசி, புதுக் காம்பில் கட்டிவிடுகிறார்.